கண்டிக்கு வராத கொடி

ஹேஸி ஐ.பி.ஏ. என்ற பியரை நீங்க படத்திலாவது பார்த்திருப்பீங்க. மாம்பழச் சாறு மாதிரி கலங்கலா, மஞ்சளா ஒரு கிளாஸ், மேலே வெள்ளை நுரை. குடித்தவர்கள் மாம்பழ வாசம், தோடம்பழ வாசம், பெஷன் புரூட் வாசம் என்று வரிசையாகச் சொல்லுவாங்க. அதில் ஒரு சொட்டுப் பழச்சாறும் இருக்கத் தேவையில்லை. பெரும்பாலும் அந்த வாசம் ஹொப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வருகிறது. மிச்சத்தை ஈஸ்ட் செய்கிறது. பெயரில் உள்ள ‘ஐ’ என்பது இந்தியா. ‘இந்தியா பேல் ஏல்’ என்பதன் சுருக்கம்தான் ஐ.பி.ஏ.

இது யாரையும் குடிக்கச் சொல்லி எழுதுவதல்ல. சம்பள நாள் ராத்திரி லயத்தில் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அதைப் பற்றி நான் விளக்கவும் தேவையில்லை. எனக்கு ஆர்வம் அந்தப் பூவில். ஒரு பூ நல்லதா கெட்டதா என்று யார் தீர்மானித்தார்கள், யார் பறித்தார்கள், அது ஏன் இந்த மலைக்கு மட்டும் வரவேயில்லை என்ற கதை நம்ம தேயிலைக் கதையோடு பல இடங்களில் உரசுகிறது.

கண்டியைச் சுற்றி வெள்ளைக்காரன் நட்டுப் பார்க்காத செடி குறைவு. 1821இல் பேராதனைப் பூங்கா தொடங்கியதே அதற்குத்தான். கோப்பி வந்தது, சிங்கோனா வந்தது, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார், ரப்பர் வந்தது. ஹொப்ஸ் மட்டும் இங்கே ஒரு பயிராக நிற்கவில்லை. காரணம் மண்ணுமல்ல, மழையுமல்ல. பகல். ஹொப் கொடி நீண்ட பகலில் இருபதடி உயரம் வரை ஏறி, பகல் சுருங்கத் தொடங்கும்போது பூக்கும். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணித்தியாலம், டிசம்பர் பகல் எட்டைத் தொடாது. கண்டியில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசமில்லை. எப்போது வளருவது, எப்போது பூப்பது என்று அந்தக் கொடிக்கு இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். இந்தியாவிலேகூட ஹொப்ஸ் விளைவது இமாசலப் பிரதேசத்தின் லாஹோல் பள்ளத்தாக்கு போன்ற வடகோடியில்தான்.

அதனால் இந்த மலைக்கு ஹொப்ஸ் எப்போதும் கப்பலில்தான் வந்தது. முதலில் பியருக்குள் கரைந்து வந்தது.

பூவுக்குள் லுபுலின் என்ற மஞ்சள் தூள் இருக்கும். அதிலுள்ள பிசினைக் கொதிக்க வைத்தால் கசப்பு வரும். அந்தக் கசப்பு பியரைப் புளிக்க வைக்கும் பக்டீரியாக்களைத் தடுக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் போ பகுதியில் ஹொட்சன் குடும்பத்தின் வடிசாலை, கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்காரர்களுக்குப் பியர் கொடுத்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நான்கு, ஐந்து மாதப் பயணம். நிறைய ஹொப்ஸ் போட்டு வடித்து, பீப்பாயை மூடுமுன் இன்னொரு பிடி காய்ந்த பூவையும் உள்ளே போட்டு அனுப்பினார்கள். ஹொட்சன்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது சரியில்லை. சூடான நாடுகளுக்கு அனுப்பும் பியருக்கு ஹொப்ஸ் கூட்டுவது வடிப்பவர்களுக்கு முன்பே தெரியும். ஹொட்சனின் பலம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்ததும் கடன் கொடுத்ததும்தான். 1820களில் பேர்ட்டன் நகரத்து ஆல்சொப், பாஸ் வடிசாலைகள் அந்தச் சந்தையைப் பிடித்தன.

இலங்கையின் கோப்பித் தோட்டத் துரைமார் குடித்ததும் இந்த மாதிரி வந்திறங்கிய பியர்தான். ரயில் 1867இல்தான் கண்டிக்கு வந்தது. அதுவரை கொழும்பிலிருந்து மாட்டு வண்டி. துரைக்குக் கசப்பான பியர், தொழிலாளிக்குக் குத்தகைக்காரனின் சாராயம் என்று குடியிலும் ஒரு படிவரிசை இருந்தது.

பிறகு பியரை இங்கேயே வடித்தார்கள். 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் அங்கே சிறிய அளவில் வடித்ததாகச் சொல்வார்கள். இன்றும் லயன் போத்தலில் உள்ள 1881 என்ற ஆண்டு நுவரெலியா வடிசாலையைக் குறிப்பது. குளிரும் ஊற்றுத் தண்ணீரும் அங்கே இருந்தன. பூ இல்லை. ஆங்கிலேயப் பியர் எழுத்தாளர் மைக்கல் ஜாக்சன் (பாடகர் இல்லை, இவர் 2007இல் இறந்தவர்) லயன் ஸ்டவுட்டை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். கண்டியில் யு.கே.டி. சில்வா கடையில் மரப் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இறைத்து ஊற்றிய ஸ்டவுட்டைப் பற்றி எழுதினார். அதற்குப் போடும் ஹொப்ஸ் ‘ஸ்டிரியன்’ என்றும் குறித்தார். ஸ்டிரியன் கோல்டிங் என்பது ஸ்லோவேனியாவில் விளைவது. அந்த ஊர்க்காரர்கள் கோல்டிங் என்று நினைத்து இங்கிலாந்திலிருந்து கொண்டுபோய் நட்டது உண்மையில் ஃபகிள் என்ற வேறொரு கொடி. பெயர் பிழை, ஆனால் பூ நன்றாக வந்தது, பெயரும் நிலைத்தது. ஆக நுவரெலியாவில் கொதித்து கண்டியில் குடித்த ஸ்டவுட்டின் கசப்புக்கு மூலம் கென்ட் தோட்டங்களில் பரவியிருந்த ஒரு கொடி.

அந்தக் கென்டுக்குக் கொஞ்சம் போவோம். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான்.

ஒவ்வொரு செப்டெம்பரும் லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைக் குடும்பங்கள் பானை சட்டி, பிள்ளைகளோடு ரயிலேறி கென்டுக்குப் போவார்கள். ஐரிஷ் கூலிகளும் ஜிப்ஸிகளும் வருவார்கள். பெரும்பாலும் பெண்கள். தோட்டக்காரன் கொடுக்கும் இடம் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைக் குடிசைகள், படுக்க வைக்கோல். நமக்கு அதற்கு வேறு பெயர் இருக்கிறது. கொடியை இழுத்துப் போட்டு, பூவை மட்டும் உருவி, சாக்குத் தொட்டியில் நிரப்ப வேண்டும். இலையும் காம்பும் கலக்கக்கூடாது. பூவின் பிசின் கையைக் கறுப்பாக்கும். அந்தக் கையால் சாப்பிட்டால் பாணும் கசக்கும்.

அளக்க ஒருவன் கூடையோடு வருவான். எத்தனை புசல் என்று இன்னொருவன் கணக்கில் பதிவான். பூ இலேசானது, தளர்வாக அள்ளினால் கூடை சீக்கிரம் நிரம்பும், அமுக்கி அள்ளினால் அதே தொட்டியில் கூடை குறையும். சண்டையெல்லாம் அந்த அமுக்கலில்தான். 1931 செப்டெம்பரில் ஜோர்ஜ் ஓர்வெல் தானே போய்ப் பறித்துவிட்டு வந்து எழுதிய கட்டுரையிலும் கூலி, அளவு பற்றிய கணக்குதான் முக்கியம். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கிறது என்று தராசடியில் நின்று பார்த்தவர்களுக்கு, நிறை போதவில்லையென்று அரைப்பேர் விழுந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, இதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 1853 ஒக்டோபரில் ஹார்ட்லேக் என்ற இடத்தில் வேலை முடித்துத் திரும்பியவர்களின் வண்டி மரப்பாலத்தை உடைத்துக்கொண்டு மெட்வே ஆற்றில் விழுந்தது. 30 பேர் இறந்தார்கள்.

பறித்த பூவை அன்றே உலர்த்த வேண்டும். அதற்கென்றே கூம்புக் கூரையோடு கட்டிடங்கள், உள்ளே மரச்சட்டத் தளம், கீழிருந்து சூடான காற்று. ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனால் வாட்டுவதும் உலர்த்துவதும் எவ்வளவு நுட்பமான வேலை என்று பார்க்கலாம். சூடு கூடினால் வாசம் போய்விடும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஹொப்ஸுக்கும் அதே பயம்தான்.

1950களிலும் 60களிலும் இயந்திரம் வந்து கென்டில் கையால் பறிப்பது முடிந்தது. சில குடிசைகள் இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம்ம லயங்களில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி ‘நல்ல ஹொப்’ என்பதன் கதை. ஒரு காலத்தில் நல்லது என்றால் மெதுவான மண்வாசம், கொஞ்சம் பூவாசம். கென்டின் வை கல்லூரியில் பேராசிரியர் சால்மன் 1916இல் கனடாவின் மனிட்டோபாவிலிருந்து ஒரு காட்டு ஹொப்பின் துண்டை வரவழைத்து நட்டார். அதன் வாரிசான ‘புரூவர்ஸ் கோல்ட்’ 1934இல் வெளிவந்தது. கசப்பு அதிகம், விளைச்சலும் நல்லது. ஆனால் ஆங்கிலேய வடிப்பவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஏதோ பழவாசம், காட்டுவாசம், ‘அமெரிக்க நாற்றம்’ என்று ஒதுக்கி, கசப்புக்கு மட்டும் கொதியில் போட்டார்கள். இன்று ஹேஸி ஐ.பி.ஏ.க்குக் காசு கொட்டி வாங்குவது ஏறக்குறைய அந்த வாசத்தைத்தான்.

மாற்றம் அமெரிக்காவில் நடந்தது. ஓரிகன் மாநிலத்தில் அரசாங்க ஆய்வாளர்கள் 1956இல் கலப்பினம் செய்த ஒரு விதை ‘கஸ்கேட்’ என்ற பெயரில் 1972இல் வெளிவந்தது. அதன் பாட்டி வழியிலும் அதே ஃபகிள் இருக்கிறது. தோடம்பழத் தோல் வாசம் கொண்ட அந்தப் பூவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் சின்ன வடிசாலைக்காரர்கள். அவர்களில் பலர் வீட்டில் பானை வைத்துப் பழகியவர்கள். கலிபோர்னியாவில் சியரா நெவாடாவைத் தொடங்கிய கென் குரொஸ்மன், அதற்கு முன் வீட்டில் வடிப்பவர்களுக்குச் சாமான் விற்ற கடைக்காரர். அமெரிக்காவில் வீட்டில் பியர் வடிப்பதைச் சட்டம் அனுமதித்தது 1978இல். பிரிட்டனில் அனுமதிப்பத்திரம் தேவையில்லையென்று ஆனது 1963இல். இந்த இரண்டு வருடங்களும் இல்லாமல் ஹேஸி ஐ.பி.ஏ. இல்லை என்பது என் எண்ணம். பெரிய கம்பனிக்கு எல்லாப் போத்தலும் ஒரே சுவையில் இருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு ஒரு பானை கெட்டால் ஒரு பானைதான் நட்டம், அதனால் துணிவு வரும்.

‘சிட்ரா’ 1990இல் கலப்பினம் செய்யப்பட்டு 2000களின் பிற்பாதியில்தான் சந்தைக்கு வந்தது. ‘மொசைக்’ 2012இல். வெர்மொண்ட் மாநிலத்தில் ஜோன் கிம்மிச் வடிகட்டாமல் கலங்கலாகவே ஊற்றிய ‘ஹெடி டொப்பர்’ 2011இல் கேனில் வந்த பிறகு அந்தப் பாணி பரவியது. 2018இல் அமெரிக்க வடிப்பாளர் சங்கம் அதைத் தனி வகையாகப் பட்டியலில் சேர்த்தது. ஓட்ஸும் கோதுமையும் கலங்கலைத் தருகின்றன. ஹொப்ஸைக் கொதிக்கும்போது கொஞ்சமாகவும், ஆறிய பிறகும் நொதிக்கும்போதும் லீற்றருக்கு 10, 15 கிராம் என்று அள்ளியும் போடுகிறார்கள். கசப்பு வேண்டாம், வாசம் மட்டும் போதும் என்று.

அங்கேதான் தெரிவு கடினமாகிறது. கசப்பு ஓரளவு தாங்கும், வாசம் தாங்காது. அறுவடை முடிந்ததும் யக்கிமா பள்ளத்தாக்குக்கு வடிப்பவர்கள் வந்து, ஒரே இனத்தின் பல தோட்டத்துப் பூக்களை மேசையில் பரப்பி, உள்ளங்கையில் கசக்கி, மூக்கருகே வைத்துத் தெரிவு செய்கிறார்கள். சில இனங்களை ஒரு வாரம் பிந்திப் பறித்தால் மாம்பழத்துக்குப் பதில் வெங்காய, உள்ளி வாசம் ஏறிவிடும். பழசானால் சீஸ் வாசம், வியர்வைக் காலுறை வாசம். பச்சை நிறம் பழுப்பாகும். வாங்குபவர் பார்க்க வேண்டியது இனத்தின் பெயரைவிட முதலில் அறுவடை ஆண்டு, காற்றில்லாமல் அடைத்த பைக்கற், குளிரில் வைத்திருந்தார்களா என்பது. வெப்பம் ஒவ்வொரு 15 பாகை ஏறும்போதும் ஹொப்ஸ் கெடும் வேகம் இரட்டிப்பாகும் என்பது பழைய கணக்கு. உறைகுளிரில் இருந்ததை 30 பாகையில் கொழும்புக் களஞ்சியத்தில் வைத்தால் நான்கு மடங்கு. வடித்த பியருக்கும் அதே கதிதான். ஐந்து மாதம் கடலில் கிடந்து வந்த பியரின் பெயரைத் தாங்கியிருக்கும் இந்தப் பியர், வெளியில் இரண்டு மாதம் வெயில் பட்டால் சப்பென்று போய்விடும்.

ஒன்று சொல்லாமல் விடமுடியாது. ஹொப்ஸின் நறுமணத்துக்குக் காரணமான லினலூல், ஜெரனியோல் என்ற இரண்டு பொருட்களும் நல்ல மலைத் தேயிலையிலும் இருக்கின்றன. நொதிக்கும்போது ஈஸ்ட், ஜெரனியோலைச் சிட்ரனெல்லோலாக மாற்றுகிறது. நுளம்புக்குப் பூசும் சிட்ரனெல்லா எண்ணெயில் இருக்கும் அதே பொருள். தேயிலை ருசி பார்ப்பவரின் மூக்கு யக்கிமாவிலும் வேலைக்கு ஆகும். பறித்தவரின் மூக்கும்தான். ஆனால் கசக்கி மணக்கும் மேசைக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை, அங்கேயும் சரி, இங்கேயும் சரி.

வீட்டில் வடித்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இலங்கையில் முடியாது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வது குற்றம். கள்ளுக்கடை, சாராயக்கடை வருமானத்தை ஒழுங்குபடுத்தக் கொண்டுவந்தது அந்தச் சட்டம். கடைகள் பெருகுகின்றன என்று அந்த வருடமே நாடெங்கும் மதுவிலக்குக் கூட்டங்கள் நடந்தன. வரிக்காகப் பிறந்த சட்டம் நூறு வருடம் தாண்டி நிற்கிறது. கசிப்புக் காய்ச்சுகிறவரும், ஒரு வாளியில் சிட்ரா போட்டுப் பார்க்க நினைக்கிறவரும் அதற்கு ஒன்றுதான். கசிப்பால் செத்தவர்களை நினைத்தால் சட்டம் தேவைதான் என்று தோன்றும். அதே சட்டத்துக்குள் அனுமதி பெற்ற பெரிய வடிசாலைகள் ஹொப்ஸை இறக்குமதி செய்து வடிக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நுவரெலியா வடிசாலையின் வேலையும் 1990களின் கடைசியில் மலையிறங்கி பியகமைக்குப் போய்விட்டது.