வளவுக்குள் விழும் வெளிச்சம்

காரைக்குடி பக்கம் டூர் போயிட்டு வந்தவங்க படங்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும் மக்களே. முற்றம் வெள்ளையா வெளுத்திருக்கும். தாழ்வாரத்தில் நிற்கிற ஆள் கரிக்கட்டை மாதிரி தெரிவார். உடனே ஃபிளாஷைத் தட்டுவோம். முகம் எண்ணெய் வழிஞ்ச மாதிரி பளபளக்கும், பின்னாடி சுவரில் ஒரு கறுப்பு நிழல்.

போன் மேல தப்பில்லை. நம்ம கண்ணின் பாப்பா வெயிலில் சுமார் 2 மி.மீ. ஆகச் சுருங்கும், இருட்டில் 7, 8 மி.மீ. வரை விரியும். முற்றத்துக்கு ஒரு அளவு, தூணுக்கு இன்னொரு அளவு. மூளை ரெண்டையும் சேர்த்து ஒரே காட்சியாக் காட்டிடும். போன் நாலஞ்சு படத்தை ஒட்டிப் பார்த்தாலும் இந்த அளவுக்கு வராது.

இந்த வெளிச்சக் கணக்கைக் கடல் கடந்து போய்ப் படிச்ச ஒருத்தர் இதே மண்ணில்தான் பிறந்தார். 1911-ல் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார். தமிழ்ப் பயண இலக்கியத்தின் முன்னோடி. 1930-களில் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படிச்சார். காந்தியைப் பற்றி உலகமெல்லாம் சிதறிக் கிடந்த பிலிம் சுருள்களைத் தேடி அலைஞ்சு, 1940-ல் ஆவணப்படமாக் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்துப் பிலிம் எவ்வளவு மந்தம் தெரியுமா? 1935-ல் வந்த கோடக்குரோம் கலர் பிலிமின் வேகம் இன்றைய ஐஎஸ்ஓ கணக்கில் சுமார் 10. உங்க போன் சாயங்காலமே ஆயிரத்தைத் தாண்டிடும். அதனால வெளிச்சம் எங்கேன்னு பார்த்து ஆளை நிறுத்தணும். இல்லைன்னா மெக்னீசியப் பொடியைக் கொளுத்தணும். புகை, வெடிப்பு, தீக்காயம்... டாக்டரா எனக்கு அதில் சம்மதமே இல்லை!

செட்டியார் தேடி அலைஞ்ச அதே காந்திக்கும் ஃபிளாஷ் பிடிக்காது. தன்னைப் படமெடுக்க உறவுமுறைப் பேரன் கனு காந்திக்கு அவர் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, ஃபிளாஷ் கூடாது. இன்னொன்று, போஸ் கொடுக்கச் சொல்லக் கூடாது. 1946-ல் புனேயில் மார்கரெட் பர்க்-வொயிட்டுக்கு அனுமதிச்சது மூணே பல்பு. முதல் ரெண்டும் சொதப்பல். மூணாவதில்தான் அந்த ராட்டைப் படம்.

சரி, வளவுக்கு வருவோம். வாசலிலிருந்து அடுப்படி வரை இவ்வளவு நீளமான வீட்டுக்குக் கரண்ட் வர்றதுக்கு முன்னாடி வெளிச்சம் கொடுத்தது முற்றம்தான். முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைச்ச சுண்ணாம்புச் சுவர் அந்த வெளிச்சத்தை வாங்கித் தாழ்வாரத்துக்குள்ள திருப்பி அனுப்பும். இன்னைக்குப் போட்டோகிராபர் பிடிக்கிற வெள்ளை அட்டை செய்யற அதே வேலை. அதனால ஆளைத் தாழ்வாரத்து விளிம்பில், முற்றத்தைப் பார்த்து நிறுத்துங்க. நீங்க முற்றத்துப் பக்கம் நில்லுங்க. ஃபிளாஷே வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். ஐரோப்பியப் புத்தகங்கள் வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் மிருதுவானதுன்னு சொல்லும். அவங்க ஊருக்குச் சரி, நட்ட நடு மதியத்தில் சூரியன் அங்கே எப்பவும் தெற்கே. காரைக்குடி இருக்கிறது சுமார் 10 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நம்ம மதியச் சூரியன் வடக்கே சாய்ஞ்சு நிற்கும். இந்த எல்லை நாட்களை ஒட்டி உச்சிவெயில் நேரா முற்றத்துக்குள்ள இறங்கும். அப்போ முற்றத்தில் யாரையும் நிறுத்தாதீங்க; கண்ணுக்குக் கீழே நிழல் குழி விழுந்து பத்து வயசு கூடிடும். காலையிலோ நாலரைக்கு மேலேயோ போங்க.

சுவரில் மாட்டியிருக்கிற மூதாதையர் படங்களை எடுக்கும்போதும் ஃபிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிதான் விழும். கொஞ்சம் பக்கவாட்டில் நின்னு எடுங்க. அதுக்கு முன்னாடி, வீட்டு ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கேட்டா, அது யாரு, ரங்கூனா பினாங்கான்னு அவங்களே சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க.