அறுபதாவது நிமிடம்

பணம் கொடுத்து மறியலுக்குப் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடந்த ஆண்டு ரொறன்ரோவில் என் தங்கையின் வீட்டில் மூன்று கிழமைகள் தங்கியிருந்தேன். அங்கேயே பிறந்து வளர்ந்த அவளுடைய பிள்ளைகள் இருவரும் ஒரு சனிக்கிழமை மாலை என்னை ஓரிடத்துக்கு அழைத்துச் சென்றனர். ‘எஸ்கேப் ரூம்’ என்று அதற்குப் பெயர். தமிழில் ‘தப்பிக்கும் அறை’ எனலாம். ஒரு குழுவினரை அறைக்குள் விட்டுக் கதவை மூடிவிடுவார்கள். உள்ளே ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் குறிப்புகளைத் தேடியெடுத்து, புதிர்களை விடுவித்து, பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு மணித்தியாலத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். எகிப்தியக் கல்லறை, கடற்கொள்ளையர் கப்பல், சிறைக்கூடம் என்று அங்கே அறைக்கொரு கதை இருந்தது. பிள்ளைகள் சிறைக்கூடத்தைத் தெரிவு செய்திருந்தனர்.

“மாமா, நீங்க பேப்பர்காரர்தானே, கெதியாக் கண்டுபிடிச்சிருவீங்க” என்றான் மூத்தவன்.

உள்ளே போவதற்கு முன் அங்கு பணிபுரியும் இளம்பெண் ஒருவர் எங்களுக்கு விதிகளைச் சொன்னார். கதவருகே இருந்த பச்சைப் பொத்தானைக் காட்டி, மூச்சுத் திணறினாலோ பயமாக இருந்தாலோ எந்த நேரத்திலும் அதை அழுத்தலாம், கதவு உடனே திறந்துகொள்ளும் என்றார். கமரா வழியாகத் தாம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதாகவும் உறுதியளித்தார். பிறகு எங்களுக்குச் செம்மஞ்சள் நிறச் சட்டைகளை மாட்டிவிட்டார்.

கம்பிகளால் இரண்டாகப் பிரிக்கப்பட்ட அறை அது. ஒரு கட்டில், தகரத் தட்டு, சுவரில் நாட்களை எண்ணிக் கீறிய கோடுகள், ஒரு பழைய நாட்காட்டி. தட்டின் அடியில் எண்கள் இருந்தன. கட்டிலின் காலுக்குள் காந்தத் துண்டு ஒன்று இருந்தது. பிள்ளைகள் பம்பரமாய்ச் சுழன்றார்கள். நான் செய்த ஒரே உதவி, நாட்காட்டியில் ஜூன் மாதத்துக்கு 31 நாட்கள் இருப்பதைக் கண்டதுதான். பல ஆண்டுகள் பிழை திருத்திய கண் அதைத் தாண்டிப் போகவில்லை. அந்த 31தான் கம்பிக் கதவைத் திறக்கும் எண்ணின் பாதி.

கடைசிப் பூட்டில் தோற்றோம். அறுபதாவது நிமிடத்தில் மணி ஒலித்தது. கதவு திறந்தது. அந்தப் பெண் சிரித்தபடி உள்ளே வந்து, நாங்கள் தவறவிட்ட குறிப்பைக் காட்டி விளக்கினார். வாசலில் நின்று படமெடுத்துக்கொண்டோம்.

அனுபவம் எப்படி என்று கேட்டால், விளையாட்டென்ற அளவில் நன்று என்பேன். புதிர்கள் நேர்மையானவை. எவருடைய பொது அறிவையும் சோதித்து அவமானப்படுத்தவில்லை. பதினைந்து வயதுப் பெண்ணும் அவளுடைய மாமனும் ஒரு மணித்தியாலம் கைத்தொலைபேசியைத் தொடாமல் ஒருவரோடொருவர் பேசினார்கள். அதற்கே அந்தக் கட்டணம் தகும். போலி அபாயச் சங்கின் இரைச்சலும் கைதிச் சட்டையும் மட்டும் எனக்கு ஒவ்வவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

இந்த விளையாட்டின் வரலாறு குறுகியது. 2004ஆம் ஆண்டில் ஜப்பானியரான தோஷிமித்சு தகாகி என்பவர் ‘கிரிம்சன் ரூம்’ என்ற கணினி விளையாட்டை உருவாக்கினார். சிவந்த அறையொன்றில் அடைபட்டவர் பொருட்களைச் சொடுக்கிச் சொடுக்கி வழி தேட வேண்டும். 2007இல் கியோட்டோ நகரில் தகாவோ கதோ என்பவர் தமது ‘ஸ்கிராப்’ நிறுவனத்தின் மூலம் அதே எண்ணத்தைக் கணினித் திரையிலிருந்து உண்மையான அறைக்குக் கொண்டுவந்தார். 2011இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் அத்திலா ஜுர்கோவிச் ‘பாராபார்க்’கைத் தொடங்க, ஐரோப்பாவெங்கும் இது பரவியது. வட அமெரிக்காவுக்கும் ஆசியப் பெருநகரங்களுக்கும் பரவ அதிக காலம் செல்லவில்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மூத்தவன் கேட்டான்: “மாமா, உண்மையாகவே ஆராவது இப்பிடிச் சிறையிலிருந்து தப்பினவங்களா?”

தங்கை என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் கல்குடாவில் பிறந்தவர்கள். எங்கள் ஊருக்குத் தெற்கே, 30 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால், மட்டக்களப்பு நகரில் ஒரு சிறைச்சாலை உண்டு. 1983ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு அது உடைக்கப்பட்டது. தமிழ் அரசியல் கைதிகள் 41 பேர் வெளியேறினார்கள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மறுநாள் அப்பா வானொலியின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, காதை அதன்மேல் சாய்த்துச் செய்தி கேட்டது நினைவிருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் வெளியே முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உள்ளே மகிழ்ந்தார்கள். எங்களைப் போன்ற சிறுவர்களுக்கு அது சினிமாவை மிஞ்சிய சாகசம். கடற்கரையில் கள்ளன் – பொலிஸ் விளையாடிய நாங்கள், அந்த மாதம் சிறையுடைப்பு விளையாடினோம்.

அவர்கள் ஏன் மட்டக்களப்பில் இருந்தார்கள் என்பதைச் சிறுவர்களான நாங்கள் கேட்கவில்லை. அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவ்வாண்டு ஜூலைக் கலவரத்தின்போது கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 25ஆம் திகதி 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். இரண்டு நாள் கழித்து, 27ஆம் திகதி, மேலும் 18 பேர். தங்கத்துரை, குட்டிமணி, ஜெகன் ஆகியோர் முதல்நாளிலும், காந்தியம் அமைப்பின் வைத்தியர் இராஜசுந்தரம் இரண்டாம்நாளிலும் மாண்டனர். கொன்றவர்கள் சக கைதிகள். தடுத்திருக்க வேண்டியவர்கள் தடுக்கவில்லை. இந்தக் கொலைகளுக்காக எவருமே தண்டிக்கப்படவில்லை. எஞ்சியவர்களை மட்டக்களப்புக்கு மாற்றினார்கள். இரண்டு மாதங்கள் கழியுமுன் அவர்கள் வெளியேறினார்கள். அவர்களுக்கு அது சாகசமன்று. பூட்டிய அறையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

இவ்விடத்தில் கல்குடாக்காரனாகிய நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் கல்குடாத் தொகுதியில் ஐக்கிய தேசியக் கட்சி சார்பில் வென்றவர் கே. டபிள்யூ. தேவநாயகம். ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசில் அவர் நீதியமைச்சரானார். எங்கள் ஊருக்கு அது பெருமை. அவர் அப்பதவியில் இருந்த காலத்தில்தான், 1979ஆம் ஆண்டு ஜூலையில், 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி அப்போது ஒருவரை வழக்கின்றி 18 மாதங்கள் வரை தடுத்து வைக்க முடிந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரி பெற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றில் சான்றாக்கலாம். குற்றப்பத்திரம் தாக்கலானால், வழக்கு முடியும்வரை மறியல் என்றிருந்தது. வழக்கு எப்போது முடியும் என்பதற்கு எல்லையே இருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அச்சட்டம் முதலில் தற்காலிகச் சட்டமாகவே வந்தது. அதன் ஆயுள் 3 ஆண்டுகள் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். 1982இல் அந்தப் பிரிவை நீக்கி, சட்டத்தை நிரந்தரமாக்கினார்கள். வழக்கின்றித் தடுத்து வைக்கும் உச்சக் காலத்தை 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரொறன்ரோவின் அந்த அறையில் நான் அணிந்த சட்டை ஏன் உறுத்தியது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளையாட்டு அறையைக் கட்டியவர் நாம் வெளியே வரவேண்டும் என்று விரும்புகிறவர். விடையை அவரே உள்ளே வைத்திருக்கிறார். நமக்கு அறிவு போதாவிட்டாலும் அறுபதாவது நிமிடத்தில் கதவைத் திறந்துவிடுகிறார். புதிர்கள், பூட்டுகள், இரைச்சல் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அந்த ஒரு வாக்குறுதியை நம்பித்தான் நாம் சிரித்துக்கொண்டு உள்ளே போகிறோம். உண்மையான சிறையிலும் நீதியுள்ள நாட்டில் அப்படியொரு மணிக்கூடு உண்டு. அதற்குத் தண்டனைக் காலம் என்று பெயர். குற்றவாளிக்குக்கூட அது தெரியும். 1982இல் எங்கள் நாட்டுச் சட்டத்திலிருந்து கழற்றி எறியப்பட்டது அந்த மணிக்கூடுதான். குற்றம் நிறுவப்படாத இளைஞர்கள் எத்தனையோ பேர் அதன்பின் நாள் தெரியாமல் சுவரில் கோடு கீறினார்கள்.

விளையாட்டிலும் அந்த வாக்குறுதி மீறப்பட்டதுண்டு. 2019ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் திகதி, போலந்தின் கொஷாலின் நகரில், தோழி ஒருத்தியின் பிறந்தநாளைக் கொண்டாட இத்தகைய அறையொன்றுக்குப் போன பதினைந்து வயதுச் சிறுமிகள் ஐவர் உயிருடன் திரும்பவில்லை. வெளியறையில் வாயு கசிந்து தீப்பற்றியது. அவர்கள் இருந்த அறையிலிருந்து வெளியேற வேறு வழி இருக்கவில்லை. கார்பன் மொனொக்சைட் வாயுவைச் சுவாசித்து மூச்சடைத்து இறந்தார்கள். அதன் பிறகே நாடு முழுவதும் இத்தகைய அறைகளைச் சோதிக்க அரசு உத்தரவிட்டது. வெலிக்கடையையும் கொஷாலினையும் ஒப்பிடுவது முறையா என்று சிலர் கேட்கலாம். ஒன்று கொலை, மற்றது கவனக்குறைவு. ஆனால் ஒரு பொதுப்பாடம் இரண்டிலும் உண்டு. ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டுகிறவர் அந்த நிமிடத்திலிருந்து அவருடைய உயிருக்குப் பொறுப்பாளியாகிறார். வெளியிலிருந்து நெருப்பு வந்தாலும், கத்தியோடு ஆட்கள் வந்தாலும், உள்ளிருப்பவரால் ஓட முடியாது.

சிறையுடைப்பை வெற்றிக் கதையாகச் சொல்லி முடிக்கவும் எனக்கு மனமில்லை. அன்று வெளியேறியவர்கள் பல இயக்கங்களைச் சேர்ந்தவர்கள். ஒரே இரவில் சேர்ந்து தப்பியவர்கள் பின்னாளில் எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். வரதராஜப் பெருமாள் 1988இல் வடக்கு கிழக்கு மாகாண முதலமைச்சரானார். டக்ளஸ் தேவானந்தா நாடாளுமன்ற உறுப்பினரானார், பின்னர் அமைச்சருமானார். 1998இல் களுத்துறைச் சிறையில் தமிழ்க் கைதிகளைப் பார்க்கப் போனபோது அங்கே தாக்கப்பட்டு, உயிர் தப்பினாலும் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். சிறையிலிருந்து தப்பிய ஒருவர் பதினைந்து ஆண்டுகள் கழித்துச் சிறைக்குள் தாக்கப்பட்டதை என்னவென்று சொல்வது?

எல்லாரும் வெளியேறவும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆங்கில விரிவுரையாளரான நிர்மலா நித்தியானந்தன் பெண்கள் பகுதியில் அடைக்கப்பட்டிருந்தார். அன்றிரவு அவருடைய கணவர் வெளியேறினார். அவருடைய கதவு திறக்கப்படவில்லை. 1984இல்தான் விடுதலைப் புலிகள் அவரை அங்கிருந்து மீட்டார்கள். இடைப்பட்ட மாதங்களை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. எங்கள் சிறுவர் விளையாட்டில் அந்தப் பாத்திரத்தை எவரும் ஏற்கவில்லை. அப்படியொரு பாத்திரம் இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

இவ்வாண்டு விடுமுறைக்குத் தங்கையும் பிள்ளைகளும் கல்குடாவுக்கு வந்தார்கள். போர் முடிந்தபின் பாசிக்குடாப் பக்கம் எழுந்த உல்லாச விடுதிகளில் வெள்ளைக்காரர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். சிறுவயதில் நாங்கள் சிறையுடைப்பு விளையாடிய மணற்கரையைத் தங்கை பிள்ளைகளுக்குக் காட்டினாள். ஒருநாள் அவர்களை மட்டக்களப்பு நகருக்கு அழைத்துப் போனேன். ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்துவிட்டு வரும் வழியில் சிறைச்சாலையின் மதிலைக் காட்டினேன். அன்று எந்தக் கதவை எப்படித் திறந்தார்கள் என்று மூத்தவன் கேட்கவில்லை. பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

இளையவள்தான் கேட்டாள்: “மாமா, இப்ப உள்ளுக்க இருக்கிற ஆக்களுக்கு எப்ப வெளிய வருவம் எண்டு தெரியுமா?”

நாற்பது ஆண்டுகளில் அந்த மதிலைப் பற்றி நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது என்றேன். தெரியாதவர்களுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்று அவள் அடுத்துக் கேட்டாள். பதில் சொல்லாமல் வண்டியில் ஏறினேன்.