பத்தூர் நடராசர் வழக்கு

கடத்தப்பட்ட நடராசர் திருமேனியை மீட்க, பத்தூர் விசுவநாத சுவாமி கோயிலின் சார்பில் லண்டனில் நடந்த வழக்கு. பத்தூர் அன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

சோழர் காலத்துக் கோயில் பாழடைந்து கிடந்தது. 1976இல் அதன் அருகே மண்ணைத் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவர் கண்டெடுத்த நடராசர், பல கைகள் மாறி லண்டனுக்குப் போனார். 1982இல் கனடாவின் பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன், பொய்யான பூர்வீகக் கதையை நம்பி அவரை விலைக்கு வாங்கியது. செப்பனிடக் கொடுத்திருந்த இடத்தில் லண்டன் போலீசார் சிலையைக் கைப்பற்ற, நிறுவனம் நீதிமன்றத்தை நாடியது. இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் கோயிலும் உரிமை கோரின.

லண்டனில் இருப்பது பத்தூர்ச் சிலைதானா என்பதே பெரிய சிக்கல். பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்த திருமேனிக்குப் புகைப்படம் ஏது, பதிவேடு ஏது? ஆகவே சிலையே சாட்சியானது. அதில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் பத்தூர் மண்ணோடு ஒப்பிடப்பட்டன. உலோகக் கலவை ஆராயப்பட்டது. அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு வார்ப்பு அமைதியை ஒப்பிட்டுத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சியம் அளித்தார். இத்தனை பாடும் ஆவணம் இல்லாததால் வந்தது. மாறாக, பின்னாளில் தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் ஆஸ்திரேலியாவில் இருந்தபோது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த படங்களே அவரை அடையாளம் காட்டின. 2014இல் அவர் நாடு திரும்பினார். கோயில்தோறும் சிலைகளைப் படமெடுத்துப் பதிவதைவிட மலிவான காவல் வேறில்லை.

பத்தூர் வழக்கில் 1988இல் வந்த தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமானது. இந்துச் சட்டப்படி கோயில் வழக்காடத் தகுந்த சட்ட நபர். பூசை நின்று இடிந்து கிடந்தாலும் அதன் உரிமை அழியாது என்பதே சாரம். இங்கிலாந்துச் சட்டத்தில் கோயிலுக்கு அத்தகைய தகுதி கிடையாது. ஆனாலும் பிற நாட்டுச் சட்டத்தை மதித்து அதை ஏற்கலாம் என்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. இந்த வழக்கின் அருமை இதில்தான் இருக்கிறது: சிலை கலைப்பொருளாக மட்டும் அல்லாமல், கோயிலின் உடைமையாகவே மீட்கப்பட்டது.

நடராசர் 1991இல் தமிழ்நாடு திரும்பினார். ஆனால் பத்தூரில் போதிய காவல் இல்லை என்று திருவாரூரிலுள்ள சிலைகள் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார்.