விசைப்பலகை இயக்கி

தன் சாதனத்தில் எந்தெந்த விசைகள் உள்ளன என்பதை இயங்குதளத்திற்கு முன்கூட்டியே பிரகடனம் செய்யும் மென்பொருள். லினக்ஸ் கருவகத்தில் இயக்கியானது, விசையெண் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் வீதம் அமைந்த அட்டவணையில் தனக்குரியவற்றைக் குறித்துவிட்டுச் சாதனத்தைப் பதிவு செய்கின்றது. அங்ஙனம் குறிக்கப்படாத விசையை எத்தனை முறை அழுத்தினும் கருவகம் அதனை நிராகரித்துவிடும். இப்பிரகடனத்தில் பாஷைக்கு ஸ்தானமே இல்லை என்பது தமிழர் ஊன்றி நோக்கத்தக்க விசேஷம்: சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் தமிழ்99 விசைப்பலகை முறையில் 'க' தட்டும் மாணவர் அழுத்துவது, 35 என்னும் எண்ணுடைய ஆங்கில 'எச்' விசையையே; அதனைத் தமிழெழுத்தாக்குவது மேலடுக்கிலுள்ள மென்பொருளின் பணி. சிங்கப்பூரில் 'கணியன்' மென்பொருளை உருவாக்கிய நா. கோவிந்தசாமியின் அரிய உழைப்பு அம்மேலடுக்கைச் சார்ந்தது. 1997இல் அந்நகரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் ஆராயப்பெற்ற விசைப்பலகைப் பிரச்சினைக்குத் தீர்வாக, 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை அடுத்துத் தமிழ்99 அமைப்பு தமிழக அரசின் அங்கீகாரம் பெற்றது.