அச்சத்திற்கு மருந்து எழுதிய ஆசிரியர்

குராசானின் பழம்பெரும் நகரமான பல்கு இன்று ஆப்கானிஸ்தானின் வடபகுதியில் இருக்கின்றது. அதனை அடுத்த ஷாமிஸ்தியான் என்னும் சிற்றூரில் ஹிஜ்ரி 235ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 850ஐ ஒட்டி, பிறந்தவர் அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல் பல்கீ. இளமையில் ஈராக் சென்று அல்கிந்தியிடம் பயின்றார். ஊர் திரும்பிச் சிறுவர்க்கு எழுத்தறிவித்து வாழ்ந்தவரைக் கல்வியே உயர்ந்த நிலைக்குக் கொண்டு சென்றது என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். பிள்ளைகளுக்கு ‘அலிஃப், பே’ சொல்லிக் கொடுத்து வயிறு கழுவும் எம்போன்றோர்க்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது, வாசகர்கள் பொறுத்தருள்க. நிலநூல் வரைவதில் அவர் காட்டிய வழியை இஸ்தக்ரீயும் இப்னு ஹவ்கலும் பின்பற்றினர். ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) காலமானார்.

அவரை நிலநூல் வல்லுநராக மட்டுமே நான் நெடுங்காலம் அறிந்திருந்தேன். அவருடைய ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலைக் கையில் எடுக்க வைத்தது ஆராய்ச்சி ஆர்வமன்று. என் இளைய மகளின் நோய்.

அவள் பதினோராம் வகுப்பில் இருந்த ஆண்டு அது. விடியற்காலையில் எழுந்ததும் நெஞ்சு படபடக்கும், கைகள் சில்லிட்டுப் போகும், மூச்சு முட்டும். பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வயிற்றைப் பிசைந்து கொண்டு அமர்ந்து விடுவாள். “எனக்கு என்னமோ ஆகப் போகுது வாப்பா” என்பாள். என்ன ஆகப் போகின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உறவினர் ஒருவர் கண்ணேறு என்றார். மற்றொருவர் ஜின்னின் சேட்டை என்றார். நான் ஓதி ஊதினேன். தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். அதனால் தீங்கொன்றும் வந்துவிடவில்லை. தீங்கு நான் கூறிய ஒரு சொல்லால் வந்தது. “ஈமான் உள்ள பிள்ளைக்கு என்ன பயம்?” என்று ஒருநாள் கடிந்து கொண்டேன். அன்று முதல் அவள் என்னிடம் எதையும் கூறவில்லை. “வாப்பாகிட்ட சொன்னா என்னைக் கெட்டவள்னு நினைப்பாங்க” என்று தாயிடம் சொன்னாளாம்.

முப்பது ஆண்டுகள் குர்ஆனை ஓதிக் கொடுத்தவன் நான். மந்திரவாதிகளின் கயிறுகள் நெளிந்தபோது நபி மூஸா (அலை) உள்ளத்தில் அச்சம் கொண்டதையும், குழந்தையை ஆற்றில் விட்ட அன்னையின் உள்ளம் வெறுமையானதையும் அவ்வேதம் மறைக்காமல் உரைக்கின்றது. கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்த துஆவை நாள்தோறும் மாணவர்க்கு மனனம் செய்விக்கின்றேன். இவ்வளவும் அறிந்த நாவிலிருந்துதான் அச்சொல் வந்தது.

பின்னர் மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். இது பதற்ற நோய். ஒழுக்கக் குறையுமன்று, நடிப்பும் அன்று என்று அவர் விளக்கினார். அந்த நாட்களில்தான் அச்சில் வந்திருந்த பல்கீயின் அரபு மூலத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

நூலின் முதற்பகுதி உடலைப் பற்றியது. எட்டு இயல்கள் கொண்ட இரண்டாம் பகுதி உள்ளத்தைப் பற்றியது. தம் காலத்து மருத்துவர்கள் உள்ளத்தின் பிணிகளைப் பேசுவதில்லை என்று அவர் குறைபட்டுக் கொள்கின்றார். உடல்நோய் இன்றியே ஒருவன் வாழ்நாளைக் கழித்து விடலாம். சினமும் அச்சமும் துயரமும் தீண்டாத மனிதன் இல்லை. உள்ளம் வருந்தினால் உடல் நலியும். உடல் நலிந்தால் உள்ளம் இன்பத்தை இழக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பேண வேண்டும் என்பது அவர் கொள்கை. துயரத்திலும் இருவகை காண்கின்றார்: காரணம் தெரிந்தது ஒன்று, காரணம் தெரியாதது ஒன்று. பின்னதற்கு உடலிலேயே மூலம் உண்டு என்று கருதி உடல் மருத்துவத்தையும் சேர்த்துச் சொல்கின்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இப்பகுப்பு!

ஆறாம் இயல் அச்சத்தையும் திகிலையும் பற்றியது. என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த உவமை அங்கேதான் உள்ளது. மூடுபனியை ஒருபோதும் கண்டிராத ஒருவன் குளிர்நாட்டிற்குச் செல்கின்றான். தொலைவில் நிற்கும் பனி அவனுக்கு ஊடுருவ இயலாத திண்ணிய பொருளாகத் தோன்றுகின்றது. உள்ளே நுழைந்தபின்னரே அது தான் சுவாசிக்கும் ஈரக்காற்று என்று தெரிகின்றது. மனிதன் அஞ்சுபவற்றுள் பெரும்பாலானவை இத்தகையனவே என்பது ஆசிரியர் கருத்து. ஆகவே அஞ்சும் பொருளைக் கண்ணுக்கும் காதுக்கும் திரும்பத் திரும்பப் பழக்கப்படுத்த வேண்டும் என்கின்றார். மருத்துவரும் ஏறத்தாழ இதையே செய்தார்: முதல் வாரம் பள்ளி வாயில் வரை, அடுத்த வாரம் வகுப்பறையில் ஒரு மணி நேரம். தனிமை வேண்டாத எண்ணங்களை வளர்க்கும், நல்லோரின் துணை வேண்டும் என்று கடைசி இயலில் பல்கீ எழுதியதைப் படித்த அன்று, அறைக்கதவைச் சாத்திக் கொண்டிருந்தவளை அழைத்து முற்றத்தில் என்னருகே அமர்த்திக் கொண்டேன். நான் மன்னிப்புக் கேட்டது அங்கேதான்.

இந்நூலின் கையெழுத்துப்படி இஸ்தான்புல்லின் அயா சோபியா நூற்சேகரத்தில் தங்கியிருந்தது. அதன் நிழற்படிவத்தை 1984இல் பிராங்க்பர்ட்டில் ஃபுவாத் ஸெஸ்கின் வெளியிட்டார். இரண்டாம் பகுதியை ஸூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரி ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 2013இல் வெளிவந்தது. ஐரோப்பியர் எல்லாவற்றையும் நம்மிடமிருந்தே கற்றனர் என்று இதைக் கொண்டு மேடையேறிப் பேசுவோரும் உண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை. பல்கீயின் நூலை நம்மவரே படிக்காமல் விட்டனர் என்பதே எனக்கு உறுத்துகின்றது.

வரலாறு முழுவதும் ஒளியாகவும் இல்லை. டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீன் நிறுவிய மருத்துவமனையும், கெய்ரோவில் 1284இல் கலாவூன் எழுப்பியதும் மனநோயாளர்க்கு இடம் அளித்தன, போற்றத்தக்க செயல். ஆயினும் 1184இல் டமாஸ்கஸ் வந்த பயணி இப்னு ஜுபைர், அங்கே சித்தம் கலங்கியோர்க்குச் சிகிச்சை உண்டு என்று எழுதிய அதே இடத்தில், அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததையும் எழுதியுள்ளார். அச்சங்கிலி அறுந்ததா? நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டுண்டிருந்தவர்கள் தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டனர். நேர்ச்சையும் நம்பிக்கையுமாகக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் அவர்கள். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கின்றது. சொல்லால் இடும் சங்கிலியை நான் என் வீட்டில் கண்டேன்.

பல்கீயின் அறிவுரை ஒன்றை மகளுக்குத் தமிழில் சொன்னேன். நலமாக இருக்கும் நாளிலேயே மருந்தை வீட்டில் வாங்கி வைப்பது போல, உள்ளம் அமைதியாக இருக்கும் வேளையிலேயே தைரியம் தரும் எண்ணங்களைச் சேர்த்து வைக்க வேண்டும், பதற்றம் வரும்போது எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்பது அது. அவளுக்கு அது பிடித்திருந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவ்வப்போது ஏதோ எழுதுகின்றாள். படபடப்பு இன்னும் சில காலைகளில் வருகின்றது. அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் புறப்படுகின்றாள். என்ன எழுதியிருக்கின்றாள் என்று அவள் என்னிடம் காட்டவில்லை; நானும் கேட்கவில்லை.