தூதும் தொல்குடியும்

தமிழ் நூல்களில் தூது பற்றிய செய்திகள் பலவாகும். திருக்குறள் பொருட்பாலில் தூதுக்கென ஓர் அதிகாரமே அமைந்துள்ளது. அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தி புறநானூற்றுக் கொளுவால் அறியப்படும். இவை அரசர் அரசர்க்கு விடுத்த தூது பற்றியன. அரசில்லாத குடியொன்று தன் நிலத்தின் பொருட்டுத் தானே பல நாட்டார் கூடிய அவைக்குச் செல்லும் தூது இவற்றின் வேறானது. அஃது இருபதாம் நூற்றாண்டில் தோன்றி வளர்ந்தது. அதன் வரலாற்றையும், அதன்கண் நம் நாட்டுத் தொல்குடிகள் பெறும் இடத்தையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சிலப்பதிகாரக் காட்சி ஒன்றை நினைவு கூர்தல் தகும். வஞ்சிக் காண்டத்தில், மலைவளம் காணச் சென்ற செங்குட்டுவனைக் குன்றக் குறவர் மலைபடு பொருள்களோடு கண்டு, வேங்கை நிழலில் தாம் கண்ட ஒரு முலை இழந்த நங்கையைப் பற்றி உரைக்கின்றனர். ஆயின், அந்நங்கை யார், நிகழ்ந்தது யாது என்று வேந்தனுக்கு விளக்குபவர் உடனிருந்த சாத்தனாரே. கண்டவர் குறவர், பொருள் உரைத்தவர் புலவர். தொல்குடிகள் பற்றிய பன்னாட்டுப் பேச்சும் நெடுங்காலம் இவ்வாறே நிகழ்ந்தது.

இந்நிலையை மாற்ற முயன்றோருள் குறிப்பிடத்தக்கவர் டெஸ்காஹே. கனடாவிலுள்ள ஆறு இனக் கூட்டமைப்பின் சார்பாளராகிய இவர், 1923ஆம் ஆண்டு, தம் மக்களே வழங்கிய கடவுச்சீட்டுடன் ஜெனீவா சென்று உலக நாடுகள் சங்கத்தில் முறையிட முயன்றார். சங்கத்தின் அவையில் பேச அவர்க்கு இடம் கிடைக்கவில்லை. நகர மக்கள் கூடிய கூட்டத்திலேயே தம் வழக்கை எடுத்துரைத்தார். 1925ஆம் ஆண்டு, நாடு கடந்த நிலையிலேயே அவர் மறைந்தார்.

பின்னர்ப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1957ஆம் ஆண்டு 107ஆம் உடன்படிக்கையை இயற்றியது. இந்தியா 1958ஆம் ஆண்டு அதனை ஏற்றது. தொல்குடிகளின் நிலவுரிமையை அவ்வுடன்படிக்கை ஒருவாறு காத்ததேனும், அவர்களைப் பெருஞ்சமுதாயத்தில் கலக்கச் செய்தலே அதன் குறிக்கோளாக இருந்தது. அதனை ஆக்கியவர்கள் அரசுகளும் தொழிலாளர், முதலாளியர் சார்பாளருமே. யாருக்காக அஃது ஆக்கப்பட்டதோ அம்மக்களுக்கு அதனை ஆக்கியதில் இடமில்லை.

ஐக்கிய நாடுகள் மன்றத்தின் சார்பில் 1982ஆம் ஆண்டு ஜெனீவாவில் அமைந்த பணிக்குழுவே உண்மையான திருப்பமாகும். மன்றத்தின் ஏனைய அவைகளில் பேச வேண்டுமாயின், அரசாகவோ மன்றத்தின் ஒப்புதல் பெற்ற அமைப்பாகவோ இருத்தல் வேண்டும். இப்பணிக்குழுவோ தொல்குடியினர் எவரும் வந்து பேசலாம் எனக் கதவைத் திறந்தது. அங்கே அவர்களும் பங்கேற்க உருவான உரிமைச் சாற்றுரையின் வரைவு 1993ஆம் ஆண்டு நிறைவெய்தியது. அதன்பின் அரசுகளோடு நெடிய வாதம் நிகழ்ந்தது. 2007 செப்டம்பர் 13 அன்று பொதுப்பேரவை அச்சாற்றுரையை ஏற்றது. ஆதரித்தவை 144 நாடுகள், எதிர்த்தவை 4, வாக்களியாது ஒதுங்கியவை 11. இதனிடையே 2000ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற நிலைமன்றத்தின் பதினாறு உறுப்பினருள் எண்மரை அரசுகளும் எண்மரைத் தொல்குடி அமைப்புகளும் முன்மொழியும் வழக்கம் ஏற்பட்டது.

இந்தியத் தொல்குடிகளும் இவ்வரலாற்றில் பங்கு கொண்டனர். அவருள் ராஞ்சிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய ராம் தயாள் முண்டா (1939-2011) நம் துறையினர் சிறப்பாகக் கருதத்தக்கவர். மொழியியல் அறிஞராகிய இவர், ஜெனீவாப் பணிக்குழுவிலும் நியூயார்க் நிலைமன்றத்திலும் தம் மக்களுள் ஒருவராகவே பங்கேற்றார்.

இலங்கையில், 1983ஆம் ஆண்டு மதுறு ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது வேடர்கள் தம் வேட்டைக் காட்டை இழந்தனர். 1990களில் அவர்தம் குரலும் ஜெனீவாவில் ஒலித்தது. அவ்வினத்தாருள் கீழைக் கடற்கரையில் வாழ்வோர் தமிழ் பேசுவோர் என்பது நாம் மறத்தற்கு உரியதன்று.

இனி, இந்திய அரசின் நிலையை நோக்குவாம். 2007ஆம் ஆண்டுச் சாற்றுரையை இந்தியா ஆதரித்தது. எனினும், விடுதலையின்போது இந்நாட்டில் வாழ்ந்த மக்கள் அனைவரும் அவர் வழியினரும் இம்மண்ணின் தொல்குடியினரே என்பது அரசின் கருத்து. கடல் கடந்து வந்தோர் குடியேறிய அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பொருந்தும் பிரிவினை, பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் கலந்து வாழும் இந்தியாவுக்கு அவ்வாறே பொருந்தாது என்னும் இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், முந்தி வந்தவர் யார் என்பதொன்றே அளவுகோல் அன்று. இந்தியா ஏற்ற 107ஆம் உடன்படிக்கையின் தலைப்பே இனக்குழு மக்களையும் சேர்த்துக் கூறுகிறது. இந்தியா ஏலாத 1989ஆம் ஆண்டின் 169ஆம் உடன்படிக்கை, ஒரு மக்கள் தம்மை இன்னாரென உணர்தலை அடிப்படை அளவுகோலாகக் கொள்கிறது. எனவே, வினா பழமை பற்றியதன்று. பேசும் உரிமை பற்றியது என்பது எம் துணிபு.

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி பழங்குடியினர் 7,94,697 பேர். அபிராமபுரத்தில் அமர்ந்து இதனை எழுதும் எமக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்கும் வடநெம்மேலி உள்ளது. இருளருள் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் மலைப்பாம்பு பிடிக்க 2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். 2023ஆம் ஆண்டு பத்மசிறீ விருதும் பெற்றனர். அவர்தம் அறிவை உலகம் நாடியது மகிழ்தற்குரியது. ஆயின், கைத்திறனுக்காக அழைக்கப்படுதல் வேறு. காட்டுரிமை பற்றிய அவையில் கருத்துரைக்க அழைக்கப்படுதல் வேறு. முன்னது இரண்டாவதற்கு ஈடாகாது.

பழங்குடி என்னும் சொல் திருக்குறளில் குடிமை அதிகாரத்தில், தொன்றுதொட்டுச் சிறந்து வரும் குடியைக் குறித்து வருகிறது. இன்று அச்சொல் அட்டவணையில் இடம்பெறும் மக்களின் பெயராயிற்று. சொல்லின் பழைய மதிப்பு அம்மக்களுக்கும் கிடைத்ததா என எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோடர், கோத்தர், இருளர் மொழிகளுக்கு அறிஞர் இலக்கணம் வரைந்துள்ளனர். அவ்வாய்வுகளில் அம்மக்கள் பெறும் பெயர் தகவலாளர் என்பதாம். அஃதாவது, செங்குட்டுவன் முன் நின்ற குறவர் நிலையே ஈண்டும் தொடர்கிறது. ஜெனீவாவில் நிகழ்ந்த மாற்றம் நம் ஆய்வு மன்றங்களிலும் நிகழ்தல் வேண்டும். சாத்தனார் உரைப்பதற்குமுன் குறவர் தம் செய்தியின் பொருளைத் தாமே கூறி முடிக்க இடந்தருதல் நம் கடமையாகும்.