ஈரச்சாலை டயர்களின் வரலாறு

ஈரச்சாலை டயர் என்பது நனைந்த சாலையிலும், நீர் தேங்கிய சாலையிலும் பிடிப்பை இழக்காதபடி வடிவமைக்கப்பட்ட வாகன டயர். ஸ்போர்ட்ஸ் சலூன் எனப்படும் ஆற்றல் மிகுந்த நான்கு கதவுக் கார்கள் 1950களில் ஐரோப்பாவில் பெருகியபோது இதன் தேவை பெரிதாக உணரப்பட்டது. பந்தயக் கார் மழை வந்தால் டயரை மாற்றிக்கொள்ளும். சலூன் காருக்கு அந்த வசதி இல்லை. காய்ந்த சாலை, நனைந்த சாலை, நெடுஞ்சாலை, நகரத் தெரு அனைத்திலும் அதே நான்கு டயர்களில்தான் அது ஓட வேண்டும். எனவே இந்த டயர்களின் வரலாறு என்பது உழைப்பு, எரிபொருள் சிக்கனம், காய்ந்த சாலையின் வேகம், ஈரப் பிடிப்பு ஆகியவற்றில் எதை விட்டு எதைப் பெறுவது என்னும் பேரத்தின் வரலாறாகவும் இருக்கிறது.

தொடக்கம்

சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதியாக்கும் முறைக்கு 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அக்கண்டுபிடிப்பு வழக்கத்துக்கு வரவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் அதை மீண்டும் உருவாக்கிச் சைக்கிளில் பொருத்திய பின்னரே காற்றடைத்த டயர் பரவியது. 1895இல் பாரிஸ் - போர்தோ - பாரிஸ் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர் பூட்டிய காரை ஓட்டினர்.

தொடக்ககாலக் கார் டயர்களின் பரப்பு வழவழப்பாக இருந்தது. காய்ந்த சாலையில் இது குறையாகத் தெரியவில்லை. ஈரமான கல்தளத்திலோ சேற்றிலோ சக்கரம் வழுக்கியது. ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் 1904இல் வடிவப் பள்ளங்கள் கொண்ட கார் டயரை அறிமுகப்படுத்தியது. 1910களில் ரப்பருடன் கார்பன் கரித்தூளைக் கலக்கும் முறை பரவியது. இதனால் டயரின் உழைப்பு பலமடங்கு கூடியது. டயர்கள் இன்றும் கறுப்பாக இருப்பதற்கு இதுவே காரணம்.

1923இல் அமெரிக்காவில் ஜான் சைப் என்பவர் ரப்பர் பரப்பில் மெல்லிய கீறல்கள் இடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெரிய பள்ளங்கள் நீரை வெளியேற்றுகின்றன. மெல்லிய கீறல்கள் எஞ்சியிருக்கும் நீர்ப்படலத்தை உடைத்து, சாலையைத் தொடும் விளிம்புகளைக் கூட்டுகின்றன. அவரது பெயரால் இக்கீறல்கள் சைப் என்றே அழைக்கப்படுகின்றன.

ரேடியல் டயர்

பழைய டயர்களில் உள்ளிழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் சென்றன. பக்கச்சுவர் வளையும்போது சாலையில் படும் பரப்பும் சேர்ந்து நெளிந்தது. இதனால் பள்ளங்கள் மூடிக்கொண்டன. நீர் வெளியேறும் வழி அடைபட்டது.

பிரான்சின் மிஷலின் நிறுவனம் 1946இல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்று, 1949இல் மிஷலின் எக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் உள்ளிழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நேராகச் செல்கின்றன. அவற்றின் மேல் எஃகுக் கம்பிப் பட்டை சுற்றப்படுகிறது. பக்கச்சுவர் நெகிழ்ந்தாலும் சாலையில் படும் பரப்பு தட்டையாகவே இருக்கும். பள்ளங்கள் திறந்தே இருக்கும்.

ஆயினும் கட்டமைப்பு மட்டும் போதவில்லை. தொடக்ககால எஃகுப்பட்டை ரேடியல்கள் நீண்டகாலம் உழைத்தன. ஆனால் ஈரச்சாலையில் முன்னறிவிப்பின்றிப் பிடிப்பை இழப்பவை என்று அவை ஓட்டுநர்களிடையே பெயரெடுத்தன. இத்தாலியின் பிரெல்லி நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சின்டுராட்டோ டயரில் எஃகுக்குப் பதிலாகத் துணியிழைப் பட்டை இருந்தது. அது பிடிப்பை மெல்ல மெல்ல இழந்ததால் ஓட்டுநர் சுதாரித்துக்கொள்ள இடம் கிடைத்தது. 1965இல் மிஷலின் வெளியிட்ட எக்ஸ்ஏஎஸ் டயரில் உள்பாதியும் வெளிப்பாதியும் வெவ்வேறு வடிவில் அமைக்கப்பட்டன. இன்றைய வேகக் கார் டயர்கள் பலவும் இந்தச் சமச்சீரற்ற அமைப்பைப் பின்பற்றுகின்றன.

வேக சலூன்களும் மழையும்

1957இல் வந்த ஜாகுவார் 3.4 லிட்டர் சலூன் மணிக்கு 190 கி.மீ. அளவில் ஓடக்கூடியது. சில ஆண்டுகளுக்கு முன்வரை பந்தயக் கார்களுக்கு மட்டும் உரியதாக இருந்த வேகம் அலுவலகம் செல்லும் காருக்கு வந்துசேர்ந்தது. சாலையும் டயரும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் நிலையில் இல்லை.

1958ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியனான மைக் ஹாதார்ன், 1959 ஜனவரி 22 அன்று இங்கிலாந்தில் கில்ஃபர்ட் அருகே தமது ஜாகுவார் 3.4 சலூனில் சென்றபோது கட்டுப்பாட்டை இழந்து, லாரி ஒன்றின் மீது மோதிப் பின் மரத்தில் மோதி இறந்தார். சாலை நனைந்திருந்தது. விபத்தின் காரணம் உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனால் பந்தயத்திலிருந்து சில மாதங்களுக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்த உலகச் சாம்பியன் ஒருவர் பொதுச்சாலையில் உயிரிழந்தது, வேக சலூன்களின் ஈரச்சாலை ஆபத்தைப் பலருக்கும் உணர்த்தியது.

ரப்பர் கலவை பற்றிய ஆய்வு

காய்ந்த சாலையில் ரப்பர் இரண்டு வழிகளில் பிடிக்கிறது. ஒன்று, ரப்பரும் சாலைப்பரப்பும் நேரடியாக ஒட்டிக்கொள்வது. மற்றொன்று, சாலையின் நுண்மேடுகள் மீது ரப்பர் அழுந்தி மீள்வது. நீர்ப்படலம் முதல் வழியைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. எஞ்சுவது இரண்டாவது வழிதான்.

அழுந்திய ரப்பர் உடனே மீண்டால், அழுத்தச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பிவிடும். சற்றுத் தயங்கி மீளும் ரப்பர் அந்த ஆற்றலின் ஒரு பகுதியை வெப்பமாக இழக்கிறது. இந்தத் தயக்க இழப்பே ஈரச்சாலையில் உராய்வைத் தருகிறது. 1950களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டேவிட் டேபர் இதைத் தெளிவாக்கினார். பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் பார்பரா சேபி முதலியோர் உண்மையான சாலைப்பரப்புகளில் இதைச் சோதித்தனர். தயக்க இழப்பு மிகுந்த ரப்பர் கலவைகள் இதன் தொடர்ச்சியாக விற்பனைக்கு வந்தன.

இதற்கு ஒரு விலை இருந்தது. சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் டயர் அழுந்தி மீள்கிறது. தயங்கி மீளும் ரப்பர் அங்கும் ஆற்றலை இழந்தது, டயர் சூடேறியது, எரிபொருள் கூடுதலாகச் செலவானது. மென்மையான கலவை விரைவில் தேய்ந்தது. ஈரப் பிடிப்பு வேண்டுவோர் சிக்கனத்தை விட வேண்டியிருந்தது.

நீர்மிதப்பு

நீர் ஆழமாகத் தேங்கிய இடத்தில் சிக்கல் வேறு. பள்ளங்கள் வெளியேற்றுவதைவிட விரைவாக நீர் வந்து சேர்ந்தால், டயருக்கு முன் ஆப்பு போல நீர் திரண்டு டயரைச் சாலையிலிருந்து தூக்கிவிடும். இது நீர்மிதப்பு அல்லது அக்குவாபிளேனிங் எனப்படும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஏறத்தாழப் பயனற்றுப் போகின்றன.

நனைந்த ஓடுபாதைகளில் விமானங்கள் சறுக்கியதால் இந்நிகழ்வை அமெரிக்காவின் நாசா நிறுவனம் ஆராய்ந்தது. லாங்லி ஆய்வு மையத்தின் வால்டர் ஹோர்ன், ராபர்ட் டிரெஹர் ஆகியோரின் அறிக்கை 1963இல் வெளியானது. காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்குப் பவுண்டு கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், சுழலும் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் அலகில் கிடைக்கும் என்பது அதன் எளிய விதி. இதன்படி 36 பவுண்டு அழுத்தமுள்ள டயர் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலும், 25 பவுண்டு உள்ள டயர் 83 கி.மீ. வேகத்திலும் மிதக்கும். கார் டயர்களுக்கு இது தோராயக் கணக்கே. பள்ளத்தின் ஆழம், டயரின் அகலம், நீரின் ஆழம் ஆகியவையும் விளைவை மாற்றும். ஆனால் காற்றுக் குறைந்த டயர் விரைவில் மிதக்கும் என்பதை இவ்விதி எண்ணில் காட்டியது.

டயர் நிறுவனங்கள் இதற்கேற்ப வடிவங்களை மாற்றின. டன்லப் தனது எஸ்பி ஸ்போர்ட் டயரில், சாலையில் படும் பகுதியிலிருந்து நீரைப் பக்கவாட்டில் பீய்ச்சும் சிறு வழிகளை அமைத்தது. 1968இல் வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்ஜே6 சலூனுக்கென்றே எஸ்பி ஸ்போர்ட் வரிசையில் ஓர் அகலமான ரேடியல் டயர் உருவாக்கப்பட்டது. காரும் டயரும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் சேர்ந்து வளர்க்கப்பட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. யூனிராயல் நிறுவனம் 1969இல் மழைக்கென்றே விளம்பரப்படுத்தப்பட்ட டயரை ஐரோப்பாவில் விற்கத் தொடங்கியது.

அகல டயர்களின் காலம்

1970களின் நடுவில் பிரெல்லி பி7 போன்ற அகலமான, பக்கச்சுவர் குட்டையான டயர்கள் வந்தன. காய்ந்த சாலையின் வளைவுகளில் இவற்றின் பிடிப்பு முந்தைய டயர்களை விஞ்சியது. 1985இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5 போன்ற வேக சலூன்களும் இவ்வகை டயர்களையே நாடின.

மழையில் அகலம் சுமையாகியது. சாலையில் 2 மி.மீ. ஆழ நீர் இருக்க, கார் 100 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொண்டால், 165 மி.மீ. அகல டயர் ஒன்றின் பாதையில் நொடிக்கு சுமார் 9 லிட்டர் நீர் குறுக்கிடுகிறது. 225 மி.மீ. அகல டயருக்கு அது 12.5 லிட்டர். அகலம் கூடும்போது சாலையில் படும் தடத்தின் நீளம் குறைவதால் நீரை விலக்கக் கிடைக்கும் நேரமும் குறைகிறது.

இதற்கு விடை பந்தயத் தளத்திலிருந்து வந்தது. ஃபார்முலா ஒன் மழை டயரின் வடிவத்தைத் தழுவி, ஒரு திசையில் மட்டும் சுழலும்படி அம்பு முனை போன்ற பள்ளங்களுடன் குட்இயர் உருவாக்கிய ஈகிள் விஆர்50 டயர், 1984ஆம் ஆண்டின் செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் பொருத்தப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தின் அக்குவாட்ரெட் டயர், நடுவில் ஒரே பெரிய பள்ளத்துடன் குடும்பக் கார்களுக்கும் வந்தது.

சிலிக்கா

ஈரப் பிடிப்பா, எரிபொருள் சிக்கனமா என்ற பழைய பேரத்தை 1990களில் சிலிக்கா மாற்றியது. சக்கரச் சுழற்சியால் ரப்பர் அழுந்துவது நொடிக்குப் பத்து, இருபது முறைதான். சாலையின் நுண்மேடுகளால் அழுந்துவது நொடிக்குப் பல்லாயிரம் முறை. மெதுவான அழுத்தத்தில் தயங்காமலும் விரைவான அழுத்தத்தில் தயங்கியும் மீளும் ரப்பர் கிடைத்தால் இரண்டு பயனையும் பெறலாம். சிலிக்காத் தூள் கலந்த ரப்பர் ஏறத்தாழ அப்படி நடந்துகொள்கிறது.

சிலிக்கா ரப்பருடன் எளிதில் சேராது. சிலேன் எனப்படும் இணைப்பு வேதிப்பொருளும், கலக்கும் முறையில் மாற்றமும் தேவைப்பட்டன. மிஷலின் நிறுவனத்தின் ரோலான் ரோலின் இதற்கான காப்புரிமைக்கு உரியவர். 1992இல் இத்தொழில்நுட்பம் பசுமை டயர் என்ற பெயரில் அறிமுகமானது. பின்னர் பிற நிறுவனங்களும் இவ்வழியில் சென்றன. இன்றைய வேக சலூன் டயர்களில் சிலிக்கா வழக்கமான பொருளாகிவிட்டது.

சட்டமும் தரச்சீட்டும்

நீண்டகாலம் டயர் வாங்குவோர் நிறுவனத்தின் விளம்பரத்தையும் பத்திரிகைச் சோதனைகளையும் மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. 1992 முதல் ஐரோப்பியச் சமூக நாடுகளில் கார் டயரின் குறைந்தபட்சப் பள்ள ஆழம் 1.6 மி.மீ. ஆக்கப்பட்டது. அதுவரை பிரிட்டனில் இது 1 மி.மீ. ஆக இருந்தது.

2012 நவம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வொரு புதிய கார் டயருக்கும் எரிபொருள் சிக்கனம், ஈரப் பிடிப்பு, வெளிச்சத்தம் ஆகிய மூன்றையும் காட்டும் தரச்சீட்டு கட்டாயமானது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் முழு பிரேக் பிடித்தால், ஈரப் பிடிப்பில் ஏ தரம் பெற்ற டயர்களுக்கும் எஃப் தர டயர்களுக்கும் நிற்கும் தூரத்தில் சுமார் 18 மீட்டர் வேறுபாடு வரலாம் என விளக்கப்பட்டது. இது நான்கு கார்களின் நீளத்தைவிட அதிகம். 2021 மே மாதம் இச்சீட்டு ஏ முதல் இ வரை ஐந்து தரங்களாகத் திருத்தப்பட்டது. இந்தியாவிலும் 2022 ஜூனில் வெளியான அரசு அறிவிக்கையின்படி புதிய டயர்களுக்கு ஈரப் பிடிப்பு அளவுகோல் வகுக்கப்பட்டது.

இத்தரச்சீட்டுக்கும் எல்லை உண்டு. மெல்லிய நீர்ப்படலத்தின் மீது நேர்கோட்டில் பிரேக் பிடித்து அளக்கப்படுவதையே அது காட்டுகிறது. தேங்கிய நீரில் டயர் எந்த வேகத்தில் மிதக்கும், ஈர வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்பவை அதில் இல்லை. அளக்கப்படுவதும் புதிய டயர்தான். தேய்ந்த நிலையிலும் ஈரப் பிடிப்பைச் சோதிக்கும் விதி ஐரோப்பாவில் புதிய டயர் வகைகளுக்கு 2024 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது.

தேர்வும் பராமரிப்பும்

இவ்வரலாற்றில் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் தெரிகின்றன. மெல்லிய ஈரத்தில் ரப்பர் கலவை காக்கிறது. தேங்கிய நீரில் பள்ளத்தின் ஆழமும் வடிவமும் காற்றழுத்தமும் காக்கின்றன. பிடிப்பு நழுவும் தருணத்தில் டயரின் கட்டமைப்பு ஓட்டுநருக்கு எச்சரிக்கை தருகிறது. ஒன்றில் சிறந்த டயர் மற்றொன்றில் சிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. காய்ந்த பந்தயத் தளத்துக்கென உருவான, பள்ளம் குறைந்த டயர் மழைச்சாலையில் சாதாரண டயரைவிடப் பின்தங்கலாம்.

வேக சலூனுக்கு டயர் தேர்வு செய்பவர் தரச்சீட்டின் ஈரப் பிடிப்புத் தரத்துடன், நீர்மிதப்பையும் ஈர வளைவையும் தனியே அளக்கும் ஒப்பீட்டுச் சோதனைகளையும் பார்ப்பது பயன் தரும். கார் நிறுவனம் குறிப்பிட்ட அளவைவிட அகலமான டயரைப் பொருத்துவது மழையில் பாதுகாப்பைக் கூட்டுவதில்லை. இரண்டு டயர்களை மட்டும் மாற்றினால், பின்புறம் திடீரெனச் சறுக்குவதைத் தவிர்க்கப் புதியவற்றைப் பின்சக்கரங்களில் பொருத்துமாறு டயர் நிறுவனங்கள் பரிந்துரைக்கின்றன. 8 மி.மீ. அளவில் தொடங்கும் பள்ளம் தேயத் தேய நீர் வெளியேறும் வழி சுருங்குகிறது. சட்டம் அனுமதிக்கும் 1.6 மி.மீ. என்பது டயரைக் கழற்ற வேண்டிய கடைசி எல்லையே தவிர, அதுவரை மழையில் பழைய வேகத்தில் செல்லலாம் என்பதற்கான உறுதி அன்று.